ஓடிப்போன முப்பத்தொரு பேர்

நவம்பர் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு, அன்ரனிற்றாவின் பழைய கார் அந்த வீட்டின் இரும்புக் கேற்றுக்கு முன்னால் வந்து நின்றது. ஸாலே ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் தோட்டத்தை முழுதாக மூடியிருந்தது. மேல்மாடி ஜன்னல்கள் மட்டும் எதிலும் ஒட்டாமல் வெள்ளையின் நடுவே தெரிந்தன.

"உது வீடோ, மூடிப்போட்ட ஆஸ்பத்திரியோ?" என்றாள் அன்ரனிற்றா, சாவியைத் திருகியபடி.

"வீடுதான் அக்கா. நூற்றைம்பது வருசமா ஒரே குடும்பம்."

"அப்ப கட்டாயம் குளிரும்."

யதுசா சிரித்தாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. ஜேர்மனியின் ஹம் நகரத்தில், இலங்கையிலிருந்து ஓடிவந்த பெற்றோருக்குப் பிறந்தவள். ஹாலேயில் வரலாறு படித்தபோது, தரங்கம்பாடியிலிருந்து பாதிரிமார் எழுதி அனுப்பிய பழைய கடிதங்களைப் படிக்கப் பழகினாள். இன்றைய ஜேர்மானியர் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வாசிக்க வராத அந்தச் சாய்ந்த கையெழுத்து அவளுக்கு வரும். அந்தத் திறமையை வைத்துக்கொண்டு பதினொரு வருடங்களாக ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று துண்டு துண்டாக வேலை பார்த்தாள். இப்போது பக்கத்து நகரமொன்றின் ஆவணக் காப்பகத்தில் நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது. அதற்கு ஆள் எடுக்கும் குழு வரும் வியாழக்கிழமை கூடுகிறது. குழுவில் ஒரு நாற்காலி இந்த வீட்டுக்காரருக்கு உரியது.

வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். எகார்ட் ப்றோய்னிங், சட்டத்தில் டொக்டர் பட்டம் பெற்ற இளைப்பாறிய நொத்தாரிசு, எழுபத்தொரு வயது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து நீலக் கம்பளிக் கோட்டு அணிந்திருந்தார். பித்தளைப் பொத்தான்கள் தொந்தியின் மேல் இழுபட்டுக்கொண்டு நின்றன. வெளிவரப்போகும் புத்தகத்தின் பின்னட்டைக்குப் படம் எடுக்க ஆள் வருகிறாராம்.

ஜேர்மனியில் இப்படியும் ஒரு சாதி மனிதர் உண்டு. சொந்த நாட்டின் போர்களைப் பற்றி வாய் திறக்கக் கூசுவதால், கடலுக்கு அப்பால் யாரோ நடத்திய போரைக் கடன் வாங்கி, கோடைகாலத்தில் புல்வெளியில் கூடாரம் அடித்து, வெறும் வெடிமருந்தைச் சுட்டு, மாலையில் வாட்டிய இறைச்சி தின்று வீடு திரும்புகிறவர்கள். ப்றோய்னிங்குக்கு அதில் ஒரு மேலதிகத் தகுதி. அவருடைய கொள்ளுத் தாத்தா ஓட்டோ உண்மையாகவே அந்தப் போருக்குப் போனவர். மிசூரி மாநிலத்தில் ஜேர்மன் குடியேறிகளைக் கொண்டே திரட்டிய ஒரு தொண்டர் காலாட்படை றெஜிமென்டில் நிருவாக அதிகாரி. பெயர்ப் பதிவு, நாளாந்த அறிக்கை, கட்டளைக் கடிதம் எல்லாம் அவர் கையால்தான். போர் முடிந்து ஊர் திரும்பி, றெஜிமென்டின் சேவை வரலாற்றை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் எழுதிவைத்துவிட்டுச் செத்தார். வருகிற யூன் மாதம் அமெரிக்க விருந்தாளிகள் முன்னிலையில் அதை நூலாக வெளியிடப்போகிறார்கள்.

யதுசா கோடை முழுவதும் அதைப் படப்பிரதியிலிருந்து தட்டெழுதியிருந்தாள். மிச்சம் இருந்தது சரிபார்த்தல். மூலப் பிரதி வீட்டை விட்டு வெளியே போகாது என்பதால் அதை இங்கேதான் செய்தாக வேண்டும். ஒருவர் தட்டெழுதியதை உரக்க வாசிக்க, மற்றவர் மூலத்தில் விரல் வைத்துத் தொடர வேண்டும். கடைசியில் இருவரும் 'உண்மைப் பிரதி' என்று கையொப்பமிட வேண்டும். வாசிக்கத்தான் அன்ரனிற்றா. யதுசாவின் தாய்க்குச் சிநேகிதி, மன்னாரிலிருந்து வந்தவள், ஐம்பத்தாறு வயது, இருபத்தெட்டு வருடம் ஹோட்டல் சலவைச்சாலையில் நின்றவள். ஜேர்மன் மொழியைத் தயவு தாட்சணியமில்லாமல் உரத்து வாசிப்பாள். காரும் வைத்திருந்தாள்.

வாசிப்பு அறை வடக்குப் பார்த்தது. நீண்ட மேசை, இரண்டு கதிரைகள், கண்ணாடி அலுமாரிகள். வெப்பமூட்டியில் கை வைத்தால் சுட்டது. ஆனால் அறையில் சூடு இல்லை.

மதியம் வரை வரலாறு போயிற்று. நல்ல வரலாறு. முதல் சண்டையில் றெஜிமென்ட் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு இரண்டு மைல் ஓடியிருந்தது. ஓட்டோ அதை 'முன்னணியைச் சீரமைத்தோம்' என்று எழுதியிருந்தார். கேணலின் குதிரை செத்ததற்குப் பதினொரு பக்கம். மூன்று வருடத்தில் குண்டுபட்டுச் செத்தவர்கள் நாற்பத்திரண்டு பேர், காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் செத்தவர்கள் இருநூற்றெட்டுப் பேர். அந்த இருநூற்றெட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு வரி.

"குதிரையாப் பிறந்திருக்கோணும்," என்றாள் அன்ரனிற்றா.

நூற்று முப்பத்தோராம் பக்கத்தில் றெஜிமென்டின் பேண்ட் வாத்தியக் குழுவைப் பற்றிப் பெருமை. மிசிசிப்பிக் கரைச் சேற்றிலிருந்து 1863 பெப்ரவரி பன்னிரண்டு விடியுமுன் முகாமைக் கிளப்பிக் கப்பல் ஏறியபோது, வண்டிகள் குறைவாக இருந்தும், 'ஒரு வாத்தியத்தைக்கூட நாங்கள் இழக்கவில்லை'.

பிறகு பெயர்ப்பட்டியல்.

அங்கேதான் அன்ரனிற்றாவுக்குப் பழக்கம் குறுக்கிட்டது. கத்தோலிக்கருக்கு நவம்பர் மரித்தோரின் மாதம். பூசையில் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் சனம் நித்திய இளைப்பாற்றி கேட்டுச் செபிக்கும். நீண்ட பட்டியலைக் கையில் எடுத்ததும் அவளுடைய குரல் தானாகவே கோயில் குரலாகிவிட்டது. பெயர், ஊர், 'வீழ்ந்தார்' அல்லது 'நோயில் இறந்தார்', அதன் பின் வாய்க்குள் ஒரு முணுமுணுப்பு.

"அக்கா, ஒவ்வொண்டுக்கும் செபம் சொன்னா நாளைக்கும் முடியாது."

"நீ விரலை வை. என்ரை வாய் என்ரை வேலை."

இருநூற்றைம்பது பேரும் அப்படியே இளைப்பாற்றி பெற்றுப் போனார்கள். கடைசிப் பக்கம் தனியாக இருந்தது. தலைப்பு: 'மானமிழந்தோர்'. முப்பத்தொரு பெயர்கள். எல்லாருக்கும் ஒரே நாள், 1863 பெப்ரவரி பன்னிரண்டு. எல்லாருக்கும் ஒரே சொல், 'ஓடிப்போனவன்'.

அன்ரனிற்றா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தாள். "ஓடின நாய்களுக்குச் செபமில்லை," என்று சொல்லிவிட்டு, வேகமாக வாசிக்கத் தொடங்கினாள்.

"அவுகுஸ்ட் க்னாப். ஓடிப்போனவன்."

யாரோ இருமினார்கள்.

ப்றோய்னிங்தான் பக்கத்து அறையில் இருமுவதாக யதுசா நினைத்தாள்.

"லோறன்ஸ் டீற்ஸ். ஓடிப்போனவன்."

மறுபடி இருமல். இது வேறு நெஞ்சிலிருந்து வந்தது. ஈரமானது. கதவுப் பக்கமிருந்து அல்ல, அலுமாரிகளின் பக்கமிருந்து. உயரம்தான் அவளை நிமிர வைத்தது. நிற்கிறவனோ உட்கார்ந்திருக்கிறவனோ இருமினால் வருகிற உயரத்தில் அது வரவில்லை. தரையோடு தரையாக வந்தது.

"மத்தியாஸ் ஹோல்ஸ். ஓடிப்போனவன்."

"ஹியர்."

ஜேர்மன் மொழியில், படையில் பெயர் கூப்பிடும்போது சொல்லும் சொல். இருக்கிறேன். காற்றுக்கும் குரலுக்கும் இடைப்பட்ட ஒலி. ஆனால் ஒழுங்கு தவறாத, பழக்கப்பட்ட பதில்.

அன்ரனிற்றா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீயோ சொன்னனீ?"

"இல்லை."

"நானும் இல்லை."

"வாசியுங்கோ அக்கா. முடிச்சிட்டுப் போவம்."

அவள் வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. சுவரோரத்திலிருந்து, ஜன்னலடியிலிருந்து, மேசைக்குக் கீழிருந்து. எல்லாம் முழங்காலுக்குக் கீழே. மணம் வரத் தொடங்கியது. முதலில் நனைந்த பருத்தி. பிறகு பழைய வைக்கோல். பிறகு, பல நாட்களாக ஒருவராலும் துடைக்கப்படாத நோயாளிகளின் மணம்.

பதினேழாவது பெயரில் இருவரும் கால்களைத் தூக்கிக் கதிரைச் சட்டத்தில் வைத்துக்கொண்டார்கள்.

இருபத்திநான்காவது பெயரில் யதுசாவின் கணுக்காலில் ஈரமாக ஏதோ பட்டு, பிடிக்கப் பார்த்து, பிடிக்கத் திராணியில்லாமல் விலகியது.

முப்பத்தோராவது பெயருக்கு உடனே பதில் வரவில்லை. காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து, மேசைக்கு நேர் கீழே, பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தத்தோடு வந்தது.

"ஹியர்."

வெளியே பகல். பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. தெருவில் தபால்காரியின் மஞ்சள் வண்டி போனது. இந்த வெளிச்சத்தில் இது நடப்பதுதான் யதுசாவுக்குப் பொறுக்கவில்லை. கண்ணை எங்காவது வைக்க வேண்டும் என்பதற்காகவே அவள் மூலப் பிரதியின் கடைசி ஏடுகளைப் புரட்டினாள். பின்னால் சில தாள்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஓட்டோவின் நாளாந்த அறிக்கைகள். அவளிடம் கொடுத்த வேலையில் அவை சேராததால் படப்பிரதியிலும் இல்லை.

பெப்ரவரி பதினொன்று: 'பருத்திக் கொட்டிலில் நோயாளிகள், எழுந்து நிற்க முடியாதவர்கள்: 31.'

பெப்ரவரி பன்னிரண்டு: 'நோயாளிகள்: இல்லை. ஓடிப்போனவர்கள்: 31.'

அதே கை. அதே மை. கொட்டிலில் விட்டுவந்தோம் என்று எழுதினால் விசாரணை வரும். ஓடிவிட்டார்கள் என்றால் கணக்குத் தீர்ந்தது, அவர்களுடைய தாய்மாருக்கு ஓய்வூதியமும் இல்லை.

அவள் மெதுவான குரலில் வாசித்துக் காட்டினாள். அன்ரனிற்றாவின் முகத்தில் பயம் போய் வேறொன்று வந்தது.

"நிக்க ஏலாமக் கிடந்தவங்கள் முப்பத்தொரு பேரும் ஒரே விடியக்காலையிலை எழும்பி ஓடினவங்களாமோ? சுகமாக்க லூர்து மாதா வந்தவவோ அந்தக் கொட்டிலுக்கு?"

"வண்டி இருந்தது அக்கா. வண்டியிலை பேண்ட் சாமான் போயிருக்கு."

"மேளத்தை ஏத்திக்கொண்டு போட்டாங்கள்." அவள் தாளை மேசையில் வைத்தாள். பிறகு, தரையைப் பார்த்து, தமிழில், அயலட்டைப் பெடியங்களிடம் பேசுவது போலச் சொன்னாள். "தம்பிமார், நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இருமல்கள் தணிந்தன. நிற்கவில்லை.

கதவு திறந்தது. ப்றோய்னிங் கைகளைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். சப்பாத்துகள் பளபளத்தன. முடிந்ததா, அச்சகத்தார் இரண்டு மணிக்கு அழைப்பார்கள், என்றார்.

யதுசா எழுந்து நின்றாள். குரலைச் சமப்படுத்திக்கொண்டு, நாளாந்த அறிக்கையைக் காட்டி, அந்தப் பக்கத்துக்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும் என்றாள்.

அவர் அறிக்கையைப் பார்க்கவில்லை. யதுசாவைப் பார்த்தார். பிள்ளை பிழையான முள்ளுக்கரண்டியை எடுத்ததைக் கண்ட விருந்துக்காரரின் பார்வை.

"பிரதியெடுப்பவருக்கு அபிப்பிராயம் கிடையாது, திருமதி. எழுதியிருப்பதை எழுதுங்கள். ஓட்டோ அங்கே இருந்தவர். நீங்கள் இருக்கவில்லை."

"இந்தத் தம்பிமாரும் அங்கை இருந்தவை," என்றாள் அன்ரனிற்றா தமிழில்.

"என்ன சொல்கிறார்?"

"ஒன்றுமில்லை," என்றாள் யதுசா.

அவர் சிரித்தார். மேசையிலிருந்த தாளை எடுத்து, தொந்தியை உள்ளிழுத்து, புல்வெளி அணிவகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரலில் வாசித்தார். வேடிக்கைக்காகத்தான். கோழைகள் இவர்கள், கேளுங்கள், யாராவது வருகிறார்களா பார்ப்போம், என்றார்.

"க்னாப்!"

"ஹியர்."

"டீற்ஸ்!"

"ஹியர்."

இப்போது அது முணுமுணுப்பு அல்ல. கட்டளைக் குரலுக்குப் படையாள் கொடுக்கும் பதில். கிடந்தபடியே, நெஞ்சில் மிச்சமிருந்த எல்லாக் காற்றையும் திரட்டி அவர்கள் கத்தினார்கள். அலுமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. அன்ரனிற்றா காதுகளைப் பொத்திக்கொண்டாள். ப்றோய்னிங்கின் நீலக் காற்சட்டையின் விளிம்பு இழுபட்டது. ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். பல கைகள் பிடித்துத் தொங்குவது போல.

அவர் குனிந்து பார்த்துக் காற்சட்டையை உதறினார். "இந்த வீட்டில் எப்போதும் கீழ்க்காற்று," என்றார்.

முப்பத்தொரு பெயரையும் வாசித்தார். முப்பத்தொரு பதிலும் வந்தது. அவர் தாளை மடித்து, தலையைச் சாய்த்து, நாடகத்தனமாகக் காது கொடுத்துக் கேட்டார்.

"பார்த்தீர்களா? ஒருவனும் இல்லை."

அவருக்குக் கேட்கவில்லை. நடிப்பு அல்ல. அந்தக் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக ஒருவருக்கும் கேட்டிருக்கவில்லை என்பது அந்த முகத்தின் நிம்மதியிலேயே எழுதியிருந்தது.

"வியாழக்கிழமை உங்களைப் பற்றிப் பேசப்போகிறோம்," என்றார், பேனாவை மேசையில் வைத்தபடி. "சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர் என்று சொல்ல எனக்கு ஆசை. இரண்டு கையொப்பம்."

அன்ரனிற்றா கைப்பையைத் தோளில் மாட்டினாள். நல்ல ஜேர்மன் மொழியில், பிழையில்லாமல் சொன்னாள்: "ஹெர் டொக்டர், நான் இருபத்தெட்டு வருசம் அடுத்தவர் அழுக்குத் துவைத்தேன். இதைத் துவைக்க மாட்டேன்."

"ஒரு கையொப்பமே போதும்," என்றார் அவர்.

யதுசா பேனாவைப் பார்த்தாள். பதினொரு வருடம். அடுத்த தவணைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று யோசித்தபடி விடிந்த பதினொரு ஜனவரிகள். ஓர் அடிக்குறிப்பு. எத்தனை பேர் அடிக்குறிப்பு வாசிக்கிறார்கள்? செத்து நூற்றறுபது வருடம். தாய்மாரும் செத்தாயிற்று. இப்படியான சமயங்களில் மூளை எவ்வளவு வேகமாக வக்கீலாகிவிடுகிறது என்பதை அவள் அருவருப்போடு கவனித்தாள். கவனித்துக்கொண்டே கையொப்பமிட்டாள்.

இருமல் நின்றது.

ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. எல்லாம் ஒரே கணத்தில். கொட்டிலுக்கு வெளியே வண்டிகள் நகர்ந்துவிட்ட சத்தம் கேட்டு, உள்ளே கிடந்தவர்கள் மூச்சைப் பிடித்தது போல.

மணமும் போய்விட்டது. அறை சூடாகத் தொடங்கியது.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. அன்ரனிற்றா கண்ணைத் தெருவிலேயே வைத்தபடி சொன்னாள்.

"அந்தாளுக்குக் கேக்கேல்லை. செவிடனைக் குறை சொல்லேலாது."

"அக்கா..."

"உனக்குக் கேட்டது பிள்ளை."

அவ்வளவுதான். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, பெயர்ப் பக்கத்தின் ஒரு பிரதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த மாதக் கடைசி ஞாயிறு தமிழ்ப் பூசையில் முப்பத்தொரு ஜேர்மன் பெயர்களையும் சுவாமியார் தடக்கித் தடக்கி வாசித்ததாகவும், கோயில் முழுக்க எழுந்து நின்று செபம் சொன்னதாகவும், ஒருவரும் இருமவில்லை என்றும் யதுசாவின் தாய் சந்திரகாந்தி பிறகு தொலைபேசியில் சொன்னாள். அன்ரனிற்றா யதுசாவை விசாரிக்கவில்லையாம்.

வேலை கிடைத்தது. குழுவில் எதிர்ப்பே இல்லை.

மார்ச் மாதம் முதலாவது திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. புதிய கட்டிடம். கூட்ட அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி, வெயில் மேசை முழுவதும் கிடந்தது. காப்பகத்துக்குத் தலைவி ஒரு மெல்லிய பெண், கழுத்தில் பச்சைச் சால்வை. திங்கள்தோறும் வருகைப் பட்டியல் வாசிப்பது இங்கே வழக்கம் என்று சொல்லி, தீ விபத்து விதிகளைக் குறை கூறிக்கொண்டு பேனாவை எடுத்தாள். ஒன்பது பேர் இருந்தார்கள். யதுசா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். புதுச் சட்டை. முன்னால் பெயர் அச்சிட்ட அட்டை. கோப்பியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

பெயர்கள் போயின. ஒவ்வொருவரும் தலையசைத்தார்கள், அல்லது பேனாவை உயர்த்தினார்கள்.

"திருமதி யதுசா இரத்தினம்."

"ஹியர்," என்றாள் யதுசா.

தலைவி காத்திருந்தாள்.

"ஹியர்," என்றாள் அவள், இன்னும் உரத்து. கையையும் தூக்கினாள்.

தலைவி நிமிர்ந்து அவளுடைய கதிரையைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். கண்கள் அவளுடைய முகத்தின் மேல் வந்து, நிற்காமல், பின்னாலிருந்த ஜன்னலுக்குப் போயின.

"முதல் நாளே வரவில்லையா?"

பக்கத்துக் கதிரைக்காரர் தோளைக் குலுக்கினார். அவருடைய முழங்கை யதுசாவின் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

யதுசா எழுந்தாள். எழுந்ததாகத்தான் நினைத்தாள். முழங்கால்கள் நிமிரவில்லை. நெஞ்சில் மிச்சமிருந்த எல்லாக் காற்றையும் திரட்டி அவள் கத்தினாள்.

ஒருவரும் தலை திருப்பவில்லை. பேனா தாளில் இறங்கி, அவளுடைய பெயருக்கு நேரே, ஒரு சொல்லை எழுதத் தொடங்கியது.